வளைந்த கிரேன்

வந்த புதிதில் அவள் வரைந்த எதுவும் காகிதத்தில் நிற்கவில்லை. கம்பம் சாய்ந்தது. சுவர் தொங்கியது. கப்பல் தண்ணீரில் மிதக்காமல், வெட்டி ஒட்டியதுபோலத் தாளில் கிடந்தது. பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் போட்டே பிழைத்த கை அது. ஆட்டின் முதுகு, ஆற்றின் திருப்பம், தூங்கும் குழந்தையின் கன்னம் என்று எதைக் கேட்டாலும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து அது பொங்குவதற்குள் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் அதெல்லாம் வளைவுகள். முன்பு இருந்த ஊரில் நேராக இருக்கும் பொருள் ஒன்றைக் காட்டச் சொன்னால் யாரும் திணறித்தான் போவார்கள். இந்தத் துறைமுகத்து ஊரிலோ எங்கே திரும்பினாலும் கோடு. கிரேன்களின் கால்கள், அவற்றின் மேல் நீண்ட கைகள், அடுக்கிவைத்த இரும்புப் பெட்டிகள், தண்டவாளம், கம்பி, மதில். கடல்கூட மதிலுக்கு மேலே ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்தின் மதில். அதற்கு அந்தப் பக்கம் அவள் கணவர் வேலை பார்க்கும் நாலாம் நம்பர் கிரேன். ஜன்னலைத் திறந்தால் கரித்தூளும் கூடவே வரும். காலையில் துடைத்த மேடையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். கொடியில் போட்ட துணி உப்புக் காற்றில் காய்ந்தும் காயாமலும் விறைத்து நிற்கும். குழாயில் தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான். அதற்குள் வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், அன்றைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்த மாதிரி அலுப்பாக இருக்கும். வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

கணவர் கட்டட வேலைக் கிரேன்களில் ஏறி இறங்கியே தலை நரைத்தவர். பக்கத்து நகரத்தில் கட்டடம் கட்டுவது நின்றுபோய்க் கிரேன்கள் துருப்பிடிக்கத் தொடங்கியபோது, தெரிந்தவர் ஒருவர் மூலமாக இந்த வேலை வந்தது. மகளை அங்கேயே கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு இருவரும் மூட்டை கட்டினார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. "எங்க உக்காந்து வரைஞ்சா என்ன, பேப்பர் பேப்பர்தானே" என்றாள். வந்த பிறகு பேப்பர் மட்டும்தான் அதே பேப்பராக இருந்தது.

பதிப்பகத்து அம்மாள் போனில் உற்சாகமாகச் சொன்னாள்: "நீங்க அங்க போனதே நல்லதாப் போச்சு. சின்னப் பிள்ளைங்களுக்குத் துறைமுகம் பத்தி ஒரு புத்தகம் போடறோம். படமெல்லாம் நீங்கதான். ஜன்னலைத் திறந்தா எதிர்லயே நிக்குதுங்கறீங்க, அப்புறம் என்ன?"

அப்புறம்தான் எல்லாமே.

கிரேன்காரர் வேலை முடிந்து வந்ததும் நேராகத் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். மேலே கூண்டுக்குள் அவருடைய காலுக்குக் கீழே தரை கண்ணாடி. நாளெல்லாம் அதன் வழியாகக் குனிந்து பார்த்தே கொக்கியை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். கழுத்து நிமிர்வதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அவள் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கழுத்துக்கு அடியில் வைப்பாள். அது ஆறுவதற்குள் டீ வரும். டீ குடிக்கும்போது அவர் கேட்பார்.

"இன்னிக்கு என்ன போட்ட?"

"உங்க கிரேனைத்தான்."

"காட்டு, பாக்கலாம்."

அவருக்குப் படம் போட வராது. ஆனால் எங்கே இடிக்கிறது என்று சொல்ல வரும். கல்யாணமான புதிதிலேயே, "இந்தக் கன்னுக்குட்டி ஓடுது, ஆனா பின்னங்கால் நிக்குதே" என்று சொன்னவர். அவர் பார்க்காமல் ஒரு படமும் வீட்டைவிட்டுப் போனதில்லை. இப்போதும் தாளை வாங்கி, விளக்குப் பக்கம் திருப்பி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. காலுதான் வளைஞ்சிருக்கு."

"எங்க?"

"இங்க, நடுவுல. தொப்பை போட்ட மாதிரி. இவ்ளோ பாரம் தூக்குற கிரேனு. காலு இப்படி இருந்தா நான் என்னிக்கோ போய்ச் சேந்திருப்பேன்."

"போதும், வாயைக் கழுவுங்க."

அவளுக்கு அது வளைவாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மறுநாள் புதிதாகப் போட்டாள். அதிலும் தொப்பை. அடுத்ததிலும் அதேதான். அந்த வாரம் முழுக்க மேஜைக்கு அடியில் கசக்கிய தாள்கள் உருண்டன. பழகாத ஊரில் கை பிடிவாதம் பிடிக்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு, வயதாகிவிட்டது என்று நினைத்தாள். இவ்வளவு காலமும் வளைவுகளை வைத்தே ஒப்பேற்றிவிட்டோம், நேராக ஒரு கோடு இழுக்கத் தெரியாத ஆளைத்தான் எல்லோரும் ஓவியர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தாள். பாத்திரம் துலக்கும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுக்கம் ஒன்றும் இல்லை.

கடைசியில், வெட்கத்தை விட்டு இரும்பு ஸ்கேலை எடுத்தாள். புத்தகப் படத்துக்கு ஸ்கேல் வைப்பது அவளைப் பொறுத்தவரை சோற்றைக் கடையில் வாங்கி வந்து வீட்டில் பரிமாறுவது மாதிரி. ஆனாலும் வைத்தாள். நாலு காலையும் ஸ்கேலை அழுத்திப் பிடித்து இழுத்தாள். சாயங்காலம் அவரிடம் நீட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார்.

"இப்பவும் அப்படித்தான் இருக்கு."

"எப்படி?"

"கொஞ்சம் வளைவு இருக்கு."

"ஸ்கேல் வச்சுப் போட்டேங்க!"

அவர் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்போ ஸ்கேல்தான் கோணல்."

அவள் சிரிக்கவில்லை. தாளை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பருப்பு அடிப்பிடித்துக் கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே நாலாம் நம்பர் வெளிச்சம் போட்டுக்கொண்டு நின்றது. அவள் பார்வைக்கு அது நேராகத்தான் நின்றது. ஒருவேளை தனக்குத்தான் கண் கோளாறோ? தாளில் நேராகப் பார்ப்பதும் பொய், வெளியே நேராகப் பார்ப்பதும் பொய்யோ? இங்கே யாரிடம் போய்க் கேட்பது? மகளுக்குப் போன் போட்டால் பதறிவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் கொடி வந்தான்.

கிரேனுக்குக் கீழே நின்று மேலே இருப்பவருக்குச் சைகை காட்டுபவன் அவன். முன்பெல்லாம் அந்த வேலைக்குக் கையில் கொடி இருக்குமாம். இப்போது வாக்கிடாக்கி வந்துவிட்டது, பெயர் மட்டும் கொடி என்றே நின்றுவிட்டது. கீழ் வீட்டில் குடியிருந்தான். பெண்டாட்டி பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் ராத்திரிச் சாப்பாடு இவர்களோடுதான். முதல் நாள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தவன், இப்போது கதவைத் தட்டுவதுகூட இல்லை.

"அண்ணி, தீயற வாசனை கீழ வரைக்கும் வருது."

"உனக்குன்னு தனியா வறுத்து வச்சிருக்கேன், வா."

மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சோறு, அடிப்பிடித்த பருப்பு, பொரித்த மீன். கொடி ஒரே மூச்சில் பேசினான், சாப்பிட்டான். பெண்டாட்டிக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். மாமியார் நடக்கச் சொல்கிறாளாம், டாக்டர் படுக்கச் சொல்கிறாராம். "யார் பேச்சைக் கேக்கறதுன்னு என்னைக் கேக்கறா. நான் சொன்னேன், பாதி நாள் நட, பாதி நாள் படு. பொண்டாட்டியா இருந்தாலும் ரெண்டு பக்கமும் அனுசரிச்சுத்தானே போகணும்?"

அவள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். "இதைப் பாரு. கிரேனோட கால் எப்படி இருக்கு?"

அவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு அண்ணி."

"வளைஞ்சிருக்கா?"

"எங்க? சும்மா கிண்டல் பண்ணாதீங்க. நேத்து பெயிண்ட் அடிச்சு நிறுத்தின மாதிரி நிக்குது."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை நேராகப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பி, ஓரக்கண்ணால் மீனில் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார். விரல்தான் முள்ளைக் கண்டுபிடித்தது. அந்தத் தலைச் சாய்ப்பை அவள் எத்தனையோ நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கழுத்து வலி என்று நினைத்திருந்தாள். டம்ளரின் விளிம்புக்கு வெளியே டீ ஊற்றியதை அலுப்பு என்று நினைத்திருந்தாள். மாடிப்படியில் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குவதை முட்டிவலி என்று நினைத்திருந்தாள்.

கொடி பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். "அண்ணனுக்கு என் மேல இருக்கற நம்பிக்கை வேற யாருக்கும் கிடையாது அண்ணி. மத்த கிரேன்காரங்க நான் குரல் கொடுத்தாலும் தானா பாத்துத்தான் எறக்குவாங்க. அண்ணன் அப்படி இல்ல. 'சொல்லிட்டே இரு, நிறுத்தாத, சொல்லிட்டே இரு'ம்பாரு. நான் சொல்லச் சொல்ல எறங்கும். பூ வச்ச மாதிரி உக்காரும் பாரம். யார்டுல எல்லாரும் கேக்கறாங்க, என்னய்யா உங்க ரெண்டு பேருக்கும் ஜாதகப் பொருத்தமான்னு."

அவளுக்குக் கையில் இருந்த கரண்டி கனத்தது. "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ" என்றாள்.

மறுநாள் வார விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறை ஜன்னலின் கம்பிச் சட்டத்தை வரைந்தாள்: கட்டம் கட்டமாக, ஸ்கேல் வைத்து, ஒரு தாள் முழுக்க. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"இடது கண்ணை மூடிக்கிட்டு இதைப் பாருங்க."

"என்ன இது, கண் டாக்டர் வேலையும் ஆரம்பிச்சுட்டியா?"

"மூடுங்க."

அவர் மூடினார். வலது கண்ணால் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன தெரியுது?"

"கட்டம்."

"புள்ளி எங்க இருக்கு?"

வெளியே யாரோ படியில் ஏறிப்போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டுத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்ளோ நாளா?" என்றாள்.

"தூசின்னு நெனச்சேன். கூண்டுக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன். அப்புறம் கண்ணைத் துடைச்சேன். வேலைக்குச் சேரும்போது பரிசோதனை பண்ணாங்களே, அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இது அப்புறம் வந்தது. முதல்ல கம்பி நெளிஞ்சுது. இப்போ நடுவுல புகை மூட்டமா இருக்கு. ஓரத்துல தெரியுது. இடது கண்ணு பரவாயில்ல. அதுலயும் இப்போ லேசா..."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? இவ்ளோ தூரம் உன்னை இழுத்துட்டு வந்துட்டு, வந்த கையோட எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்றதா? இங்க வந்ததிலிருந்து நீ வாய்விட்டுச் சிரிச்சு நான் பாக்கல. தண்ணி பிடிக்கிறே, கரியைத் துடைக்கிறே, தாளைக் கசக்கறே. இதையும் எங்க கொண்டுபோய் உன் தலையில வைக்கிறது? பொண்ணு படிப்பை முடிக்கட்டும், அது வரைக்கும் ஓட்டிடலாம்னு நெனச்சேன்."

"கீழ ஒருத்தன் நிக்கிறானே."

"அவன் குரல் கொடுக்கறான். ஒண்ணும் ஆகலையே."

"இது வரைக்கும்."

"எனக்குத் தெரியாதுன்னா நெனக்கிற?" அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "ஒவ்வொரு தடவை பாரம் எறங்கும்போதும் நான் மூச்சு விடறது இல்ல. எதுவும் நசுங்கற சத்தம் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். 'உக்காந்துடுச்சு அண்ணே'ன்னு அவன் சொன்னப்புறம்தான் மூச்சு வரும். அடுத்த பாரம் தயாரா நிக்கும். மேலேயிருந்து எறங்கி வந்து தரையில படுக்கறேனே, அது கழுத்து வலின்னா நெனச்ச?"

அவளுக்கு அவர் மேல் இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஏன் என்று அவளுக்கே அந்த நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"என் படத்தைக் கோணல்னு சொல்லிட்டே இருந்தீங்களே. தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"முதல்ல சத்தியமா தெரியாது. உன் கைதான் அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"ஸ்கேல் வச்சுப் போட்டேன்னு சொன்னேனே, அப்போ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஸ்கேல்தான் கோணல்னு சொன்னீங்க. அடுப்பங்கரையில நின்னு எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு நெனச்சேன் நான். நெனக்கட்டும்னு விட்டுட்டீங்க."

"வாயில அதுதான் வந்துச்சு."

வெயில் வாசலிலிருந்து நகர்ந்து சுவரில் ஏறியது. அவள் எழுந்துபோய்க் காய்ந்த துணியை எடுத்து, உதறி, மடித்து வைத்தாள். ஒவ்வொன்றையும் உதறும்போது கரித்தூள் பறந்தது. கடைசித் துணியை மடித்துவிட்டு வந்து சொன்னாள்.

"நாளைக்கு நீங்க ஏறக் கூடாது."

"லீவு சொல்லிடறேன்."

"லீவு இல்ல. உள்ளதைச் சொல்லணும்."

"சொல்லிட்டா அப்புறம் ஏறவே முடியாது. இன்னிக்கு நேத்தா பழகினது? கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து ஏறிட்டு இருக்கேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"தெரியும்."

"இன்னும் கொஞ்ச நாள். ஆஸ்பத்திரிக்கு நாமளே போய்க் காட்டிட்டு..."

"நீங்க சொல்லலைன்னா நான் கீழ எறங்கிப்போய் அவன்கிட்டச் சொல்லிடுவேன். இப்பவே போவேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால், எப்படியாவது அவளைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுபோலப் பார்த்தார். "நீ சொல்ல வேண்டாம்" என்றார். "அவனுக்கு என் வாயாலதான் தெரியணும்."

காலையில் அவரோடு அவளும் கிளம்பினாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. படியில் அவர் சுவரைத் தொடாமல் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு இறங்கினார். துறைமுகத்து வாசலில் ஷிப்ட் மாறும் கூட்டம். போகிறவர்கள் தூக்கத்தில் நடந்தார்கள், வருகிறவர்கள் தூக்கம் போதாமல் நடந்தார்கள். காவல்காரர் அவளை உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கூட்டத்தோடு உள்ளே போனார். தலைக்கவசங்களுக்கு நடுவே எது அவர் என்று சீக்கிரமே தெரியாமல் போயிற்று.

அங்கிருந்து நாலாம் நம்பரின் மேல்பாதி தெரிந்தது. அது நின்றிருந்தது. அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். ஒருத்தி பெரிய பையில் கையுறைகளைப் போட்டுக் கூவிக்கூவி விற்றாள். லாரிக்காரர் ஒருவர் சக்கரத்தின் மேல் கால் வைத்துக்கொண்டு போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். காலை இழுத்து நடக்கும் ஒருவரிடம் எல்லோரும் நலம் விசாரித்துப் போனார்கள். அவருடைய ஒரு கையில் விரல்கள் இல்லை. இந்த ஊருக்கு வந்து இவ்வளவு காலத்தில் இத்தனை பேரை ஒன்றாக அவள் பார்த்ததே இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் இரும்பு மட்டும்தான் தெரியும். மனிதர்கள் மதிலுக்குக் கீழே இருந்தார்கள்.

திடீரென்று நாலாம் நம்பரின் கை அசைந்தது. கொக்கி மெல்ல நகர்ந்து, நின்று, இறங்கத் தொடங்கியது.

ஏறிவிட்டார். மனசு மாறி ஏறிவிட்டார். அந்தக் கொக்கிக்குக் கீழே கொடி நின்று வாய் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டிருப்பான், பெண்டாட்டி காலில் வீக்கத்தோடு பாதி நாள் நடந்துகொண்டிருப்பாள். டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். "என்னம்மா, என்னம்மா" என்று காவல்காரர் கையை நீட்டி மறித்தார். "நாலாம் நம்பரை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். "எதுக்கு?" என்றார் அவர். எதற்கு என்று சொல்லத் தொடங்கியபோது, உள்ளேயிருந்து கணவர் நடந்து வருவது தெரிந்தது. கையில் தலைக்கவசம் இல்லை, அடையாள அட்டை இல்லை. சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இருந்தது.

"மேல யாரு?" என்று கேட்டாள். மூச்சு வாங்கியது.

"முந்தின ஷிப்ட் ஆளு. அவரையே நிறுத்திக்கிட்டாங்க."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். சூப்பர்வைசர் முதல்ல நம்பல. விளையாடாதய்யா, கப்பல் காத்துக்கிட்டு இருக்குன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு, உக்காருன்னு ஒரு நாற்காலியை நகத்திப் போட்டாரு."

"கொடி?"

"அவன்கிட்டத்தான் முதல்ல சொன்னேன். ஏணிக்குக் கீழேயே சொன்னேன். ஒண்ணும் பேசல. வாக்கிடாக்கியைக் கையில வச்சுக்கிட்டே நின்னான்."

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைத்தார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள், மறுபடி காத்திருக்க வைத்தார்கள். கண்ணின் பின்பக்கத் திரையில் நீர் கசிகிறது என்றாள் டாக்டர். ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. உயரத்தில் ஏறி வேலை செய்வது இனி இல்லை. இன்னும் தாமதித்திருந்தால் இடது கண்ணும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, அவர் ஏதோ வேறு யாரையோ பற்றிய பேச்சைக் கேட்பதுபோலத் தலையாட்டினார். கண்ணுக்குள் ஊசி போடுவார்கள் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

துறைமுகத்தில் பண்டகசாலைப் பக்கம் ஏதாவது இடம் பார்க்கலாம் என்றார்கள். பிறகு உண்மையாகவே பார்த்துக் கொடுத்தார்கள். சாமான் எடுக்க வருகிறவர்களுக்குக் கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. வேலை லேசானதுதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் பழையபடி தரையில்தான் மல்லாந்து படுத்தார். அவளும் பழையபடி வெந்நீர்த் துணியைப் பிழிந்து கொண்டுவந்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மகளிடம் போனில் பாதி சொன்னார்கள். மீதியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு அழுதாள், பிறகு இருவரையும் திட்டினாள்.

துறைமுகப் புத்தகத்துக்கான படங்களை அவள் போட்டாள். எந்த உற்சாகமும் வந்துவிடவில்லை. தண்ணீர் பிடித்த இடுப்பு வலியோடும் கரித்தூளோடும்தான் போட்டாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது: எந்தப் படமானாலும் முதலில் கீழே நிற்கும் ஆளைப் போட்டாள், அவன் கால், அவன் நிமிர்ந்த கழுத்து. கிரேன் அதற்குப் பிறகுதான். கோடு நேராக வந்ததா என்று யாரிடமும் கேட்கவில்லை. படங்கள் நன்றாக இருப்பதாகப் பதிப்பகத்து அம்மாள் சொன்னாள். ஆட்கள் ஏன் இத்தனை பேர் என்று மட்டும் கேட்டாள்.

கொடி சாப்பிட வரவில்லை. படியில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்கும், கீழ்க் கதவு திறக்கும், மூடும். ஒரு தடவை மூடிய கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள். கதவைப் பாதி திறந்து, "சாப்பிட்டேன் அண்ணி" என்றான். உள்ளே அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. அவள் கிண்ணத்தோடு திரும்பினாள். அதற்குப் பிறகும் அரிசி போடும்போது கை மூன்று பேருக்குத்தான் அளந்தது. மிஞ்சியதை மறுநாள் காலையில் இருவரும் சாப்பிட்டார்கள்.

ஒரு சாயங்காலம், அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, கதவு தட்டும் சத்தம் கேட்டது. கொடி நின்றிருந்தான். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"வா" என்றாள்.

"அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"உக்காந்து கேளு" என்றார் கிரேன்காரர்.

"நிக்கறேன்." நிலைச் சட்டத்தில் கை வைத்துக்கொண்டான். "அன்னிக்கு மழையில குழாய்க் கட்டு எறக்கினோமே அண்ணே. நான் வழுக்கி விழுந்தேனே. நீங்க நடுவானத்துலயே நிறுத்தினீங்க. நான் எழுந்து நின்னு கையைக் காட்டினப்புறம்தான் எறக்கினீங்க. அண்ணன் கழுகு மாதிரி பாத்துட்டு நிறுத்தினாரு, இல்லைன்னா நான் இல்லன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லியிருக்கேன். அவ உங்களுக்காக வேண்டிக்கிறாளாம். நீங்க என்னைப் பாத்தீங்களா?"

அவர் கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

"இல்ல. உன் குரல் நின்னுபோச்சு. அதனால நிறுத்தினேன்."

"கையைக் காட்டினேனே?"

"தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு 'எறக்குங்க'ன்னு சொன்னியே, அது கேட்டுச்சு."

"விழும்போது பதட்டத்துல அந்த வார்த்தையே என் வாயில வந்திருந்தா?"

ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிவிடுவார் என்று அவள் பயந்தாள். வாயில் வருவதைச் சொல்லிவிடுவார் என்று பயந்தாள்.

"எறக்கியிருப்பேன்" என்றார் அவர்.

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது, வெகுநேரம் ஊதியது. அது நின்ற பிறகும் அவன் அப்படியே நின்றான். பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றினான். ஒவ்வொன்றாக, நிதானமாக. உள்ளே வந்து அவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக உட்கார்ந்தான்.

அவள் தட்டு வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவன் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தான். வாசலில் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நாளைக்கு வர மாட்டேன் அண்ணி. வேகவச்சு வீணாக்காதீங்க."

"சரி."

அவன் இறங்கினான். பாதிப் படியில் காலடி நின்றது. "மறுநாள் பாக்கலாம்" என்ற குரல் மட்டும் மேலே வந்தது. பிறகு கீழ்க் கதவு திறந்து மூடும் சத்தம்.

கிரேன்காரர் இன்னும் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். விரல்களில் சோறு காய்ந்துவிட்டிருந்தது.

"சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டான்."

"முழுசாவா?"

"முழுசா" என்றாள் அவள். "ஒரு பருக்கை மிச்சம் வைக்கல."